‘இங்கே வா’ என்னும் இலக்கணம்

(அட்டனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சு மொழியின் ஏவல் வினை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், “அட்டனில் நின்றுகொண்டு அதை ஏன் பேச வேண்டும்?” என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, நம் பிள்ளைகள் அந்த மொழியைப் படிக்கிறார்கள். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பிரெஞ்சு ஒரு பாடம். கண்டியில் பிரெஞ்சு கற்பிக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. நுவரெலியாவிலும் எல்லவிலும் விடுதி வேலைக்கும் வழிகாட்டி வேலைக்கும் போகிற இளைஞர்களுக்குப் பிரெஞ்சு நாலு வார்த்தை தெரிந்தால் சம்பளத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. இரண்டாவது பதில்தான் எனக்கு முக்கியம். ஏவல் வினை ஒன்றையே வைத்துக்கொண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சமூகத்தை நடத்திய இடங்கள் உலகத்தில் சில உண்டு. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இந்த மலை அவற்றில் ஒன்று. பிரெஞ்சு இலக்கணம் அதை நமக்குப் புதிய வெளிச்சத்தில் காட்டும் என்பது என் நம்பிக்கை.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். பிள்ளைகள் கவனிக்க வேண்டும், பரீட்சைக்கும் உதவும்.

பிரெஞ்சில் ஏவலுக்கு மூன்று வடிவங்கள். நீ செய், நாம் செய்வோம், நீங்கள் செய்யுங்கள். ‘பேசு’ என்ற பொருளுள்ள ‘பார்லே’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ‘பார்ல்’ என்றால் பேசு. ‘பார்லோன்’ என்றால் பேசுவோம். ‘பார்லே’ என்றால் பேசுங்கள். நிகழ்கால வாய்பாட்டில் நீ, நாம், நீங்கள் என்ற மூன்று இடத்தையும் எடுத்து, முன்னால் நிற்கிற எழுவாயை நீக்கிவிட்டால் ஏவல் வந்துவிடும். ‘த்யூ’ போகும், ‘நூ’ போகும், ‘வூ’ போகும். வினை மட்டும் நிற்கும். தமிழிலும் “நீ வா” என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை, “வா” போதும். அந்த வகையில் நமக்கு இது பழகிய வழி.

ஒரு நுணுக்கம் உண்டு. பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் இழப்பது இங்கேதான். ‘பார்லே’ போன்ற முதல் வகுப்பு வினைகளில், ‘த்யூ’ வடிவத்தின் கடைசியில் எழுதுகிற ‘எஸ்’ எழுத்தை ஏவலில் எழுதக் கூடாது. காதுக்கு வேறுபாடே கேட்காது, எழுத்தில் மட்டும்தான். இரண்டாம் வகுப்பு வினைகளுக்கும் மூன்றாம் வகுப்பில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தக் கழிவு இல்லை. ‘முடி’ என்பதற்கு ‘ஃபினி’, ‘ஃபினிஸோன்’, ‘ஃபினிஸே’. ‘பொறு’ என்பதற்கு ‘அத்தான்’, ‘அத்தாந்தோன்’, ‘அத்தாந்தே’. வகுப்பில் முதல்முறை ‘அத்தான்’ என்று சொல்லும்போது பெண்பிள்ளைகள் சிரிக்காமல் இருந்ததில்லை. சிரித்தபடி கற்றது மறப்பதும் இல்லை.

அதைவிட மறக்க முடியாத ஒன்று ‘வா’. பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’ என்று அர்த்தம். வரச்சொல்ல ‘வியான்’, நீங்கள் வாருங்கள் என்பதற்கு ‘வெனே’. போகச்சொல்ல ஒருமைக்கு ‘வா’, மரியாதைக்கு ‘அலே’, எல்லோரும் போவோம் என்பதற்கு ‘அலோன்’. பிரான்ஸின் தேசிய கீதம் இந்த ‘அலோன்’ என்ற ஏவலோடுதான் தொடங்குகிறது. 1792இல் போர்முனைக்குப் போகிற படைக்காக எழுதிய பாட்டு அது. “போங்கள்” என்று படையை அனுப்பாமல், பாடுகிறவனையும் சேர்த்து “போவோம்” என்று தொடங்குகிறது. ஏவலில் தன்னையும் சேர்த்துக்கொள்ள ஒரு வடிவத்தைப் பிரெஞ்சு இலக்கணம் தனியே வைத்திருக்கிறது. நம் இலக்கணத்தில் ஏவல் முன்னிலைக்கு மட்டும் உரியது. ‘போவோம்’ என்பதை நாம் தன்மைப் பன்மை என்று வேறு பெட்டியில் வைப்போம்.

எதிர்மறைக்கு வருவோம். தமிழில் அதற்குத் தனி உருவம்: பேசாதே, பேசாதீர்கள். பிரெஞ்சில் அப்படி இல்லை. ஏவலின் முன்னும் பின்னும் ‘நெ’, ‘பா’ என்ற இரண்டு சிறு சொற்களை வைத்தால் போதும். ‘நெ பார்லே பா’, பேசாதீர்கள். ஆனால் பெயருக்குப் பதில் நிற்கும் சொற்கள் இடம் மாறும். ‘அதை எனக்குக் கொடு’ என்றால் ‘தொன்-லெ-முவா’. வினை முன்னே, அதை, எனக்கு என்பவை சிறுகோட்டால் ஒட்டிக்கொண்டு பின்னே. ‘கொடுக்காதே’ என்று மாற்றினால் அவை வினைக்கு முன்னே ஓடிவிடும்: ‘நெ ம லெ தொன் பா’. இந்த இடமாற்றத்தை வாய்ப்பாடாக மனனம் செய்வதைவிட, நாலு வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பழகுவதே நல்லது. உடன்பாட்டில் பின், எதிர்மறையில் முன், அவ்வளவுதான். முதலில் கழிந்த அந்த ‘எஸ்’ கூட ஓரிடத்தில் திரும்பி வரும். ‘அங்கே’ என்ற பொருளில் வருகிற ‘இ’, ‘போ’ என்ற பொருளுள்ள ‘வா’வுக்குப் பின்னால் ஒட்டும்போது, ‘வாஸி’ என்று ஒலிக்கும். “அங்கே போ” என்றும் பொருள், “ம், நடத்து” என்றும் பொருள்.

விதிவிலக்கு நான்கே நான்கு வினைகள். இரு, வைத்திரு, அறி, விரும்பு. ‘இரு’ என்பதற்கு ‘ஸ்வா’, ‘ஸ்வயோன்’, ‘ஸ்வயே’. ‘வைத்திரு’ என்பதற்கு ‘ஏ’, ‘ஏயோன்’, ‘ஏயே’. ‘அறி’ என்பதற்கு ‘ஸாஷ்’, ‘ஸாஷோன்’, ‘ஸாஷே’. ‘விரும்பு’ என்பதிலிருந்து வரும் ‘வெய்யே’ கடிதங்களிலும் அறிவிப்புகளிலும் ‘தயவுசெய்து’ என்கிற இடத்தில் நிற்கும்.

பாடநூல் இந்த நான்கையும் விதிவிலக்கு என்று சொல்லி நகர்ந்துவிடும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இந்த நான்கும் நிகழ்கால வாய்பாட்டிலிருந்து பிறக்கவில்லை. விருப்பத்தையும் வேண்டுதலையும் சொல்கிற இன்னொரு வாய்பாட்டிலிருந்து கடன் வாங்கியவை. ‘வீவ் லா ஃப்ரான்ஸ்’ என்ற முழக்கம் கேட்டிருப்பீர்கள், பிரான்ஸ் வாழ்க. அந்த ‘வீவ்’ வருகிற குடும்பம் அது. தமிழில் சொன்னால் வியங்கோள். வாழ்க, வளர்க, அறிக, உணர்க. ஒருவனை “நட” என்று ஏவலாம், “எடு” என்று ஏவலாம். “இப்படி இரு”, “அறிந்துகொள்”, “மனம் வை” என்பதெல்லாம் கட்டளையால் நடக்கிற காரியமா? அங்கே வேண்டத்தான் முடியும். பிரெஞ்சும் அந்த இடத்தில் வேண்டுகிற வடிவத்தைத்தான் எடுத்திருக்கிறது. திருக்குறளிலும் அறநூல்களிலும் ‘க’ என்று முடிகிற வியங்கோள் ஏன் அவ்வளவு மிகுதி என்று யோசிக்கிற தமிழ் மாணவனுக்கு இதில் ஒரு விடை கிடைக்கும்.

கதவில் எழுதுகிற ஏவல் இன்னொன்று. பிரெஞ்சுக் கடைக் கதவுகள் பலவற்றில் ‘பூஸே’ என்றிருக்கும். ‘தள்ளு’ என்றும் இல்லை, ‘தள்ளுங்கள்’ என்றும் இல்லை. வினையின் பெயர் வடிவத்தை அப்படியே எழுதியிருப்பார்கள். காதுக்குத்தான் ‘தள்ளுங்கள்’ போல ஒலிக்கும். யார் வந்து படிப்பார் என்று தெரியாத இடத்தில், நீயா நீங்களா என்ற கேள்வியே எழாதபடி ஒரு வழி. நம் வங்கிக் கதவில் என்ன இருக்கிறது? “தள்ளவும்.” ‘தள்ள’ என்ற எச்சத்தோடு ‘உம்’ சேர்த்தோம், அதுவும் ஆள் பார்க்காத வடிவம்தான். ஆள் முகம் தெரியாதபோது மொழி பெரும்பாலும் மரியாதையாகத்தான் பேசுகிறது. முகம் தெரிந்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் என் பேச்சின் பொருள்.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

தமிழ் வினையின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. நட, வா, போ, எடு, கேள். இவை வினைப்பகுதிகள், இவையே ஏவல் ஒருமையும் ஆகும். பவணந்தி முனிவர் நன்னூலில் வினைப்பகுதிகளை வகைப்படுத்தும்போது ‘செய்’ என்னும் ஏவல் வடிவில்தான் அவற்றைக் காட்டுகிறார். அதாவது தமிழை வெளியிலிருந்து படிக்க வருகிறவன் முதலில் எதைப் பிடிக்கிறானோ, அகராதியில் எதைத் தேடுகிறானோ, அதுவே தனக்குக் கீழ்ப்பட்டவனிடமோ மிக நெருங்கியவனிடமோ பேசுகிற வடிவமாக இருக்கிறது. மரியாதை பிறகு ஒட்ட வேண்டிய விகுதி. அது ஒட்டுவதற்கு முன்பே ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டால், அவனுக்குக் கைவசம் இருப்பது வா, போ, எடு, நில் மட்டும்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த இளம் தோட்டத் துரைமாருக்காகக் கொழும்பில் ஒரு கையடக்கப் புத்தகம் அச்சானது. தொகுத்தவர் பெர்குசன். அந்தப் புத்தகத்தின் பெயர் ‘இங்கே வா!’ சின்னதுரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத் தலைப்பு. 1915இல் வெல்ஸ் என்பவர் இன்னொன்று எழுதினார். ‘கூலித் தமிழ்’ என்று பெயர், தேயிலை ரப்பர் தோட்டத் தொழிலாளர் புரிந்துகொள்கிறபடி தோட்டக்காரர்களுக்கென்று தொகுத்தது. மொழி நூல்கள் வழக்கமாக ‘வணக்கம்’ என்று தொடங்கும். இங்கே ஒரு மொழியின் வாசலில் ‘இங்கே வா’ என்று எழுதியிருக்கிறது. சங்க இலக்கியமும் தேவாரமும் உள்ள மொழி, ஒரு மலைநாட்டில் ஏவல் ஒருமையாகச் சுருக்கப்பட்டு, சட்டைப்பையில் ஏறி, குதிரை மேல் மலை சுற்றியது.

அந்தத் துரைமார் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் நல்ல தமிழ் கற்றார்கள். ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்ட தமிழ் எதுவோ அதற்கே புத்தகம் அமைந்தது. கேள்வி கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும் என்ற தேவை இருந்திருந்தால் புத்தகத்தின் பெயர் வேறாக இருந்திருக்கும்.

அந்த ஏவலுக்குப் பின்னால் சட்டமும் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைக்கு வர மறுப்பதும், கட்டளைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பதும், திமிராக நடப்பதும் தண்டனைக்குரிய குற்றம். சம்பளம் போகும், சிறையும் உண்டு. வேறு வகை ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு சிவில் நீதிமன்றத்துக்குப் போகும். இங்கே “போ” என்ற ஓரெழுத்துச் சொல்லுக்குக் கீழ்ப்படியாதவன் குற்றவாளி. துண்டு முறையும் அதோடு சேர்ந்தது. கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகச் சொல்கிற துண்டு கையில் இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. ‘வா’ என்றால் வர வேண்டும். ‘போ’ என்று அவர்கள் சொல்லும்வரை போகவும் முடியாது. 1920களின் தொடக்கத்தில்தான் இந்தத் தண்டனைப் பிரிவுகளும் துண்டு முறையும் ஒழிந்தன.

விடியற்காலையில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தப்படித்து, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தை எழுப்புவார்கள். பனி இறங்குகிற நேரம், படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கூடையை முதுகில் மாட்டிப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். “ஏழாம் நம்பர் மலைக்குப் போ.” “நிரை புடி.” “முத்தல் எல போடாத.” மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் “கூடைய எறக்கு”, “தள்ளி நில்லு”, “அடுத்த ஆளு வா.” ஒருநாள் முழுக்க ஒரு பெண்ணின் காதில் விழுகிற வினைச்சொற்களை எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் வெறும் பகுதிகள்தான். அவள் பதில் என்ன? “சரிங்கையா.” “ஆமாங்க தொரை.” “இந்தா வர்றேங்க.” அந்த ‘ங்க’ மேல்நோக்கி மட்டுமே போனது. துரையிடமிருந்து கண்டக்டர் ஐயாவுக்கு, அவரிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கு, அவரிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து ஆண் தொழிலாளிக்கு என்று ஏவல் ஒருமை படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் தலையில் முழுப் பாரமாக இறங்கியது. அவள் “வா, போ” என்று யாரைச் சொல்லலாம்? தன் பிள்ளையை, வளர்க்கிற ஆட்டை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘வா’ என்ற சொல்லில் குற்றம் இல்லை. தாய் பிள்ளையைக் கூப்பிடுவது அதில்தான். முருகனைக் கூப்பிடுவதும் அதில்தான். நண்பனிடம் ‘வாங்க’ என்றால் அவன் கோபித்துக்கொள்வான். நீ என்னை ‘வா’ என்கிறாய், நான் உன்னை ‘வா’ என்கிறேன். அங்கே உறவு இருக்கிறது. ஒரு பக்கம் ‘வா’, மறு பக்கம் ‘வாங்க’ என்று அது இரு தலைமுறை, மூன்று தலைமுறை மாறாமல் நிற்கும்போதுதான் அது ஆட்சி ஆகிறது.

இதை உடைக்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கு ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் இந்த ஊர்களில் தொழிலாளரைக் கூட்டிப் பேசினார்கள். பாட்டாகவும் துண்டுப் பிரசுரமாகவும் பேச்சாகவும் அவர்கள் தந்த தமிழ், மக்களை ஏவாமல் அழைத்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர் மேல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். கூலியை உயர்த்தக் கேட்ட போராட்டம் அது. கூடவே, கேட்பதற்கு வாய் உண்டு என்று நிறுவிய போராட்டமும் ஆகும். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்தால் இன்னொன்று தெரியும். களத்தில் வாய் திறக்காத பெண், பாட்டில் கங்காணியையும் துரையையும் நேருக்கு நேர் கூப்பிட்டுக் கேட்கிறாள். 1947 தேர்தலில் அதே வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மீண்டும் அதே இரண்டு வினைகள்தான். ஒரு காலத்தில் வா என்றார்கள், பிறகு போ என்றார்கள். இரண்டு முறையும் நம்மைக் கேட்கவில்லை.

இங்கே துரைமார் ஏவிய காலத்திலேயே பிரெஞ்சு ஏவலைத் தோட்டத்தில் கேட்ட தமிழர்களும் உண்டு. 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு பிரான்ஸ், ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களைக் கொண்டுபோனது. பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைப்படி 1860களில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ரியூனியனுக்குப் போவதை 1882இல் பிரிட்டன் நிறுத்தியது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்று கோயில் கட்டுகிறார்கள், தீமிதிக்கிறார்கள். தமிழ் மட்டும் வீட்டுமொழியாக இல்லை. அங்கேயும் வெள்ளைக்காரர் தொழிலாளியிடம் பேசியது ‘த்யூ’ என்ற ஒருமையில். மார்த்தினிக்கில் பிறந்த ஃபிரான்ட்ஸ் ஃபனோன் என்ற மனநல மருத்துவர், 1952இல் வெளியிட்ட ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்ற நூலில், வெள்ளை மருத்துவர்கள் கறுப்பரையும் அராபியரையும் பார்த்ததும் ஒருமைக்கும் உடைந்த பிரெஞ்சுக்கும் மாறிவிடுவதை எடுத்துச் சொல்லி, அது அவமானம் என்றார். நோயாளிக்குப் புரிய வேண்டும் என்று எளிமையாகப் பேசுகிறேன் என்பவருக்கு அவருடைய பதில் கடுமையானது: அப்படிப் பேசுவது ஒருவரை அந்த இடத்திலேயே கட்டிப்போடுவது.

பிரான்ஸ் நாட்டுக்குள்ளும் இந்தச் சண்டை நடந்தது. புரட்சியின்போது, 1793இல், எல்லோரும் எல்லோரையும் ‘த்யூ’ என்றே அழைக்க வேண்டும், ‘வூ’ பிரபுக்கள் காலத்துப் பழக்கம் என்று கோரிக்கை வைத்தார்கள். எல்லோருக்கும் கட்டாயச் சட்டமாகவில்லை, ஆனாலும் தெருவிலும் அலுவலகத்திலும் கொஞ்ச காலம் அப்படியே பேசினார்கள். பிறகு ‘வூ’ திரும்பியது. திரும்பிய ‘வூ’ பழைய ‘வூ’ இல்லை. மெதுமெதுவாக, முன்பின் தெரியாத பெரியவர்கள் எல்லோருக்கும் இருபக்கமும் உரிய சொல் ஆனது. சமத்துவத்துக்கு இரண்டு வழி இருக்கிறது: எல்லோரையும் ‘வா’ என்பது, அல்லது எல்லோரையும் ‘வாங்க’ என்பது. பிரெஞ்சுக்காரர்கள் முதல் வழியைப் பரீட்சித்து, அன்றாட வாழ்வுக்கு இரண்டாவது வழியில் வந்து நின்றார்கள். நம்முடைய மொழிக்கும் இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விடுதிப் பயிற்சிக்குப் போக இருந்த பிள்ளைகளுக்கு ஏவல் வினைப் பயிற்சி. ஒருவர் விருந்தினர், ஒருவர் பரிமாறுகிறவர். பரிமாறுகிறவர் விருந்தினரிடம் ‘உட்காருங்கள்’, ‘பொறுங்கள்’ என்று ‘வூ’ வடிவத்தில் சொல்ல எல்லோருக்கும் உடனே வந்துவிட்டது. அடுத்து விருந்தினராக நடிக்க லயத்திலிருந்து வந்த ஒரு மாணவியை எழுப்பினேன். தண்ணீர் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவள் ‘அப்பொர்த்’ என்று ஒருமையில் சொன்னாள். ‘அப்பொர்தே’ என்று சொல்ல வேண்டும் என்றேன். “ஏன் சேர், சாப்பாடு குடுக்கிற பையனுக்கும் வாங்க போங்கவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாரிஸில் ஒரு பெரிய பணக்காரர் உணவகத்துக்குள் போனாலும் பரிமாறுகிறவரிடம் ‘வூ’ வடிவத்தில்தான் கேட்பார், ‘ஸில் வூ ப்ளே’ என்று தயவையும் சேர்ப்பார். ஒருமையில் கூப்பிட்டால் அது வசவு என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க அம்மாவ யாருமே அப்படிக் கூப்பிட்டதில்ல சேர்” என்றாள். வகுப்பில் யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கு அந்தப் பிள்ளைதான் காரணம்.

நம் அண்டை வழக்குகளையும் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் மூன்று படி இருக்கிறது: வா, வாரும், வாங்கோ. நடுவில் நிற்கிற ‘வாரும்’ பழைய தமிழின் ‘நீர்’ வடிவம். அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. சிங்களத்தில் ‘வரென்’ என்றால் தாழ்த்திக் கூப்பிடுவது, ‘என்ன’ என்றால் மரியாதையாக வரச்சொல்வது. ‘பலயன்’ என்றால் விரட்டுவது, ‘யன்ன’ என்றால் போங்கள். பஸ்ஸில் ஏறுகிற நம் பெண்களுக்கு இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும். எந்தப் பாடநூலும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையகத் தமிழில் ‘வாரும்’ இல்லை. வா, வாங்க என்று இரண்டே படி. இடையில் ஒதுங்க இடமில்லாததால், யாருக்கு எது என்ற தேர்வு இங்கே இன்னும் கூர்மையாகிறது.

துரைமார் காலம் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இதைப் பேச வேண்டும் என்று கேட்கலாம். தோட்டங்கள் 1970களில் தேசியமயமாகி, 1990களில் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போயின. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்தது. நம் பிள்ளைகள் ஆசிரியர், வைத்தியர், சட்டத்தரணி, கிராம சேவகர் ஆனார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு வேலைநாளில் ஏதாவது ஓர் அரச அலுவலகத்துக்குப் போய் ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். மேசையில் உள்ள படிவம் “நிரப்புக”, “கையொப்பமிடுக” என்று வியங்கோளில் பேசும். மேசைக்குப் பின்னால் இருப்பவர், வேட்டியோடோ சேலையோடோ வந்து நிற்கிற தோட்டத்து முதியவரைப் பார்த்து, “அடையாள அட்டைய எடு”, “நாளைக்கு வா” என்பார். அவருக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறவர் வந்து நின்றால், “உட்காருங்க, என்ன வேணும்?” கிளினிக்கிலும் இதே கதைதான்: “நாக்க நீட்டு, மூச்ச இழு, அங்க போய் நில்லு.” சில இடங்களில் இப்படிப் பேசுகிறவர் தோட்டத்திலிருந்து படித்து மேலே போனவராகவே இருக்கிறார். அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அந்தச் சட்டைப்பைப் புத்தகத்தின் காலம் போய்விட்டது. ஆனால் அதன் இலக்கணத்தை நாமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

அறிவிப்புப் பலகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குச் சுற்றுலாப் பயணி வருகிற வாசலில் எப்படி எழுதியிருக்கிறது, தொழிலாளி நடக்கிற வழியில் எப்படி எழுதியிருக்கிறது என்று. எங்கேயாவது “தொடாதே”, “வராதே” என்று இருந்தால், “தொட வேண்டாம்”, “வர வேண்டாம்” என்று மாற்ற ஒரு டப்பா பெயின்டும் அரைநாளும் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிங்களப் பிள்ளைகளுக்கும் அரச உத்தியோகத்தருக்கும் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கிறவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஏவல் வினையைச் சொல்லித்தரும்போது பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். இலக்கண வரிசைப்படி ‘வா’ முதலில் வரும் என்பது சரிதான். கற்பிக்கிற வரிசையில் ‘வாங்க’ முதலில் வரட்டும். பிரெஞ்சு கற்பிக்கிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாட்டு மாணவனுக்கு முதல் பாடத்தில் ‘வூ’ வடிவத்தைக் கொடுத்து, நெருக்கம் வந்த பிறகு ‘த்யூ’வைக் கொடுக்கிறார்கள். முதலில் கற்ற வடிவம்தான் அவசரத்தில் வாயில் வரும். ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் அட்டன் சந்தியில் அவசரத்தில் பேசுகிற தமிழ் எது என்பதை நிர்ணயிப்பது உங்கள் முதல் பாடம்தான்.

உத்தியோகத்தில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வேண்டுகோள். நாளை காலை உங்கள் மேசைக்கு முன்னால் ஓர் அம்மா வந்து நிற்பார். கையில் பிளாஸ்டிக் பைக்குள் மடித்துவைத்த பிறப்புச் சான்றிதழ் இருக்கும். “வாங்கம்மா, உட்காருங்க, அதக் கொஞ்சம் தாங்க” என்று சொல்லுங்கள்.